கொத்தமல்லிக்குக் கைராசி எதற்கு?

கடையில் குழம்புக்கு வாங்கிய மல்லி முளைக்காது, விதைப் பொட்டலம்தான் வேண்டும் என்பார்கள். கோலசிலாங்கூரின் புக்கிட் ரோத்தானிலும் கேட்கிற பேச்சுதான். வறுக்காத, பழசாகாத மல்லி தாராளமாக முளைக்கும். உருண்டையாகத் தெரியும் ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு காய். உள்ளே இரண்டு விதைகள். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். (அழுத்தினால் ரசப்பொடிதான் மிஞ்சும்.) ஓர் இரவு ஊறவைத்து, 1 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் 7 முதல் 15 நாளில் தலைகாட்டும். அவசரக்காரர்கள் வெந்தயத்தில் தொடங்கலாம். அது 3 நாளில் வந்துவிடும்.

முளைத்த மல்லியை நாள் முழுக்க வெயிலில் வைத்தால் செழிக்குமா? செம்பனை வேண்டுமானால் செழிக்கும். மலாயாவில் வணிகத்துக்காக அதை முதலில் நட்டதே கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். அதன் விதையை வாரக்கணக்கில் 40 டிகிரி சூட்டில் வைத்தால்தான் சீராக முளைக்கும். கொத்தமல்லி நேர் எதிர். 32 டிகிரி பகலில் இலை விடுவதை நிறுத்திப் பூக்கக் கிளம்பிவிடும். கேமரன் மலையின் குளிர் இங்கே கிடைக்காது. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் சாடியை வைத்து, 5 வாரத்தில் இளசாகவே அறுத்துவிட்டு, இரு வாரத்துக்கொரு முறை புதிதாக விதைப்பதே வழி.

சாடியின் அடியில் கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது படித்தவர்களும் நம்பும் கதை. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் கற்களின் பெரிய இடைவெளிக்குள் லேசில் இறங்காது; மேலே மண் ஊறித் ததும்பிய பிறகுதான் இறங்கும். ஆக, கல் அடுக்கு ஈரத்தை வேருக்கு அருகே உயர்த்துகிறது. பழைய பெயிண்ட் வாளியானாலும் நாலைந்து துளை போதும். கடலோரக் களிமண்ணை அப்படியே நிரப்பாமல் தேங்காய் நார்த்தூளும் மக்கிய உரமும் கலக்க வேண்டும்.

இரண்டிலை விட்ட நாற்று, மண்ணைத் தொடும் இடத்தில் நூலாகச் சுருங்கிச் சாய்ந்தால் ‘கண் பட்டுவிட்டது’ என்பார்கள். பட்டது பெரும்பாலும் அளவுக்கு மீறிய தண்ணீர். ஈரத்தில் பெருகும் பித்தியம் போன்ற கிருமிகளின் வேலை அது. மேல்மண் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்து ஊற்றினால் பாதி நாற்றாவது தப்பும்.

மாதவிலக்கான பெண் தொட்டால் துளசியும் கறிவேப்பிலையும் பட்டுப்போகும் என்ற நம்பிக்கைக்கு ஒருகாலத்தில் மருத்துவரே துணைநின்றார். மாதவிலக்கிலிருந்த பணிப்பெண் கையாண்ட பூக்கள் வாடியதைக் கண்ட வியன்னாவின் பேலா ஷிக், 1920-இல் அதை ஒரு நஞ்சின் வேலை என்றே எழுதினார். அந்த நஞ்சைப் பிறகு யாராலும் நிலைநாட்ட முடியவில்லை. கறிவேப்பிலை முளைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்த விதை. பழம் கறுத்ததும் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். புதினாவுக்கு விதையே வேண்டாம். பாசாரில் வாங்கிய கட்டிலிருந்து ஒரு தண்டு போதும்.