ரிவர்ஸ்டன் பகுதி வீட்டு வளவுக்கேற்ற தள்ளு புல்வெட்டியைத் தெரிதல்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புறைக்குச் செல்லும் பாதையில் ரிவர்ஸ்டன் பக்கத்தைக் கடந்தவர்கள், அங்கு வீசும் காற்றையும் கண்ணை மறைக்கும் மூடுபனியையும் மறப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து செல்லும் இப்பகுதி, தென்மேற்குப் பருவத்தில் கடுங்காற்றையும் வடகீழ்ப் பருவத்தில் பெருமழையையும் பெறுகின்றது. ஈரம் நீங்காத இந்நிலத்திற் புல் விரைந்து வளரும். முழங்காலளவு வளர விட்டால் அட்டையும் பாம்பும் வாசற்படிவரை வந்துவிடும். ஆகையால் வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று மீற்றர் அகலத்துக்காவது புல்லைக் கட்டையாக வைத்திருத்தல் அழகுக்காக மாத்திரம் செய்யும் வேலையன்று.

இதற்கென இயந்திரம் வாங்க விரும்புவோர் என்னிடம் முதலிற் கேட்பது, “எத்தனை குதிரைவலு நல்லது?” என்பதே. முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. “என் வளவின் சரிவு எவ்வளவு?” என்பதே முதற் கேள்வி.

சரிவை அளப்பதற்குக் கருவி எதுவும் விலைக்கு வாங்கவேண்டியதில்லை. ஒரு மீற்றர் நீளமான நேரான மரச்சட்டம் ஒன்றையும், பாதியளவு நீர் விட்டு மூடிய போத்தல் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்து நிலத்திற் பதித்து, மறுமுனையைப் பள்ளப் பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். போத்தலைச் சட்டத்தின்மேற் கிடத்தி, உள்ளிருக்கும் நீர் சட்டத்துக்குச் சமமாக நிற்கும்வரை அம்முனையை உயர்த்துங்கள். பின்னர் அம்முனையிலிருந்து நிலம்வரை நேர்கீழாக அளந்து பாருங்கள். அளவு 27 சென்ரிமீற்றரானால் சரிவு ஏறத்தாழ 15 பாகையாகும். ஓரிடத்தில் மாத்திரம் அளந்து திருப்தியடையாது, வளவில் ஆறேழு இடங்களில் அளத்தல் வேண்டும்.

பல தள்ளு புல்வெட்டிகளின் கைநூல்கள் இந்த 15 பாகையையே எல்லையாகக் கூறுகின்றன. இதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, பிடிப்பவரின் கால் வழுக்குதல். ஈரப்புல்லில் இது இன்னும் எளிது. மற்றையது எஞ்சினைச் சார்ந்தது. சிறிய நாலடிப்பு எஞ்சின்கள் பலவற்றில், அடியிலுள்ள எண்ணெயை ஓர் உறுப்பு வாரியிறைத்தே உள்ளுறுப்புகளுக்கு ஊட்டுகின்றது. இயந்திரம் அதிகமாகச் சாய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். உறுப்புகள் வரண்டு தேயும். சரிவில் ஓடிய எஞ்சின் இரண்டாம் வருடத்திலேயே புகை கக்குவதேன் என்று வியப்போர் இதனை மனத்திற் கொள்வார்களாக.

இனி, கடைகளிற் காணப்படும் வகைகளைப் பார்ப்போம்.

எஞ்சினின்றிக் கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டி எல்லாவற்றிலும் பழையது. இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர், துணி ஆலையிற் கம்பளித் துணியின் மயிரைக் கத்தரிக்கும் பொறியைப் பார்த்து இதனை அமைத்து, 1830ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். சுழலும் அலகுகள் நிலையான ஓர் அலகோடு உரசிக் கத்தரிக்கோல் போல வெட்டுவதால், புல்லின் நுனி கிழிபடாது. எரிபொருட் செலவு இல்லை, சத்தமும் குறைவு. 2022ஆம் ஆண்டு பெற்றோல் பங்கீட்டில் வழங்கப்பட்டபோது இதனை வைத்திருந்தவர்கள் கவலையின்றி இருந்தனர். ஆயினும் இது சமதரைக்கும், வாரந்தோறும் வெட்டப்படும் மெல்லிய புல்லுக்குமே உரியது. சிறு கல்லொன்று அகப்பட்டாலும் அலகு பல்லுப்போகும். கினிப்புல், மானாப்புல் போன்ற முரட்டுப் புற்களின் முன் இது செயலற்று நிற்கும். முன்வாசலில் நாலைந்து பேர்ச் புற்றரை மாத்திரம் உடையவர்கள் இதற்கு மேல் வேறெதையும் தேடவேண்டியதில்லை.

மின்சாரக் கம்பியோடு இழுத்துச் செல்லும் வகையை இப்பகுதிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஈரப்புல்லும் மின்கம்பியும் ஒருங்கிருத்தல் தகாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வீட்டில் 30 மில்லியம்பியரில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் உண்டா என்பதைப் பார்த்தபின்னரே, புல் உலர்ந்த நேரத்தில் அதனை இயக்குதல் வேண்டும்.

பற்றரியால் இயங்குவது பாரங்குறைந்தது, கிளப்புவதற்கு இலகுவானது. ஆனால் ஈரமாயும் அடர்த்தியாயுமுள்ள புல்லில் அதன் மின் விரைவிற் தீர்ந்துவிடும். சிறிய வளவுக்குப் போதும். பெரிய வளவுக்கு இரண்டாவது பற்றரிக்கும் பணம் ஒதுக்கவேண்டும்.

எஞ்சியது பெற்றோலில் இயங்கும் சுழலலகுப் புல்வெட்டி. 1952ஆம் ஆண்டில் சிட்னியில் ஒருவர் பழைய பீச்சுப்பழத் தகரத்தை எண்ணெய்த் தாங்கியாகப் பொருத்திச் செய்த ‘விக்டா’ என்னும் இயந்திரமே இவ்வகையை வீட்டுக்காரரிடையே பிரபலமாக்கியவற்றுள் முக்கியமானது. கரடான நிலத்துக்கும் உயர்ந்த புல்லுக்கும் இதுவே தாங்கும். இங்கு உயரத்தைக் கணக்கிற் சேர்க்கவேண்டும்: ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் எஞ்சினின் வலு ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு குறையும். ஆகவே கீழ்நாட்டில் வெட்டிய இயந்திரம் இங்கே பத்திலொரு பங்கு வலுவை இழந்துதான் வேலை செய்யும். அதற்காகப் பெரிய எஞ்சினைத் தேடுவதிலும், 46 சென்ரிமீற்றர் அளவான ஒடுங்கிய வெட்டகலத்தோடு அமைதலே நன்று. அகலங் குறைந்தால் பாரமும் குறையும். மேடுபள்ளங்களில் அலகு மண்ணைச் சீவுவதும் குறையும்.

தானே நகரும் வகையை வாங்குவதானால் பின்சில்லு இயங்குவதையே கேளுங்கள். மேட்டில் ஏறும்போது பாரம் பின்புறத்திற் சாய்வதால், முன்சில்லு இயங்கும் இயந்திரம் நின்ற இடத்திலேயே சுழலும். வெட்டிய புல்லை நுணுக்கி அடியிலேயே பரப்பும் அமைப்பு உலர்ந்த நாட்டுக்கு நல்லது. இங்கோ ஈரப்புல் உள்ளே கட்டிபட்டு அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் வெளியேற்றும் வழி இருத்தல் அவசியம். வெட்டுயரத்தை 7 அல்லது 8 சென்ரிமீற்றர்வரை உயர்த்த முடியுமா என்பதையும் பாருங்கள்.

இந்தக் கடைசி விடயத்தைச் சிறியதென எண்ணவேண்டாம். இப்பகுதியில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், ஏழு குதிரைவலுவும் பெரும் பாரமும் உடைய இயந்திரமொன்றை வாங்கி, “தம்பி, இது மலையையே மழித்துவிடும்” என்று மகிழ்ந்து காட்டினார். “மாஸ்டர், மழிக்க வேண்டாம், கத்தரித்தாற் போதும்” என்று சொல்லிவந்தேன். தீபாவளிக்கு வீடு துப்புரவாக இருக்கவேண்டுமென்று, வீட்டின் பின்புறச் சரிவைத் தாழ்ந்த அளவில், மண் தெரிய வெட்டுவித்தார். அடுத்துவந்த வடகீழ் மழையில் அந்தச் சரிவின் மேல்மண் முழுவதும் வடிகானை நிரப்பி, கீழ்வீட்டாரின் கிணற்றடிவரை சென்றது. இரு வீட்டாரும் சில மாதங்கள் பேசிக்கொள்ளவில்லை. சரிவிலிருந்து நீங்கும் மண் கீழ்வீட்டோடு நிற்பதுமில்லை; இம்மலையின் ஓடைகள் அம்பன் கங்கையை நாடிச் சென்று நீர்த்தேக்கங்களிற் சேருகின்றன. மண் காப்புக்கென 1951ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டதன் காரணம் இதுவே.

எனவே 15 பாகைக்கு மேற்பட்ட பகுதியை எந்தத் தள்ளு புல்வெட்டிக்கும் கொடுக்கவேண்டாம். அங்கு சமவுயரக் கோட்டில் வெட்டிவேர் நட்டு, இடையிலுள்ள புல்லை அரிவாளால் ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் அரிந்துவிடுங்கள். மாஸ்டரின் சரிவு இப்போது அவ்வாறுதான் நிற்கின்றது. எஞ்சிய சமதரையிலும் ஒருமுறை வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. பிட்டவெல பத்தனைப் புல்வெளியைப் போல வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. பாறைமேல் மெல்லிய மண் கிடப்பதாற் குட்டையாக நிற்கும் இயற்கைப் புல் அது. எந்த இயந்திரமும் அதனை நம் வீட்டில் உண்டாக்காது. வளவு நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்தை அடுத்திருந்தால் எல்லைக்கல்லோடு வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கொடுக்குமுன் கடையிலேயே இயந்திரத்தை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். கைபிடியோடு சேர்ந்த நிறுத்துப் பிடியை விட்டதும் அலகு நிற்க எத்தனை விநாடி செல்கின்றது என எண்ணுங்கள். ஐக்கிய அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு முதல் மூன்று விநாடிக்குள் நிற்கவேண்டுமென விதியுண்டு. அந்த அளவையே நாமும் வைத்துக்கொள்ளலாம். பழைய இயந்திரங்களில் இப்பிடியைக் கயிற்றினாற் கட்டிவைத்திருப்பர், அவற்றை வாங்கவேண்டாம். இதனை நூலிற் படித்துச் சொல்லவில்லை. விவசாயப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், கை நோகின்றதென்று நானே அப்பிடியைக் கட்டிவிட்டு ஈரவரப்பில் வெட்டினேன். கால் வழுக்கி விழுந்தபோது இயந்திரம் நிற்கவில்லை. சப்பாத்தின் முன்பாகத்தை அலகு அரிந்து சென்றது. சப்பாத்து என் தமையனாருடையது, இரண்டளவு பெரியது. அதனால் விரல்கள் தப்பின.

சரிவிற் குறுக்காகவே தள்ளுங்கள். மேலுங் கீழுமாக ஒருபோதும் தள்ளவேண்டாம். தன்பக்கம் இழுத்து வெட்டுதலும் தகாது. மூடுபனி விலகிப் புல் உலர்ந்தபின், கற்களைப் பொறுக்கிவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிய பின்னரே தொடங்குங்கள்.

வேலை முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிவிட்டு, காற்று வடிகட்டி மேற்புறமாக இருக்கும்படி இயந்திரத்தைச் சாய்த்து, அடியிற் படிந்த ஈரப்புல்லை மரச்செதிளாற் சுரண்டிவிடுங்கள். இரும்புத் தகட்டில் அது ஓரிரவு கிடந்தாலும் துருப்பிடிக்கத் தொடங்கும். அலகு மழுங்கினால் மாத்தளையில் மாற்றலகு கிடைக்குமா என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டறிந்து, இயலுமானால் ஒன்றைக் கையோடு வாங்கிவாருங்கள்.