வாழ்வின் பொருளும் குழு ஆலோசனையும்

முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் என் தேர்ச்சிப் புள்ளி சரிந்தபோது, வீட்டிற்குத் தொலைபேசியில் பேசவே தயங்கினேன். பாட்டி பால்மரம் வெட்டியும், அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தும் படிக்க அனுப்பிய பிள்ளை நான். அந்த எண்ணமே என்னைப் படிக்க வைத்தது. உறங்கவிடாமல் செய்ததும் அதுதான்.

பிறகு உளவியல் பாடத்தில் விக்டர் பிராங்கலைப் (1905–1997) பற்றி அறிந்தேன். வியன்னாவைச் சேர்ந்த இம்மனநல மருத்துவர், 1928 முதல் இளையோருக்கு இலவச ஆலோசனை நிலையங்களை அமைத்தார். பள்ளி மதிப்பெண் அறிக்கை வெளிவரும் நாள்களில் மாணவர் தற்கொலையைத் தடுக்கத் தனிக் கவனம் செலுத்தினார். 1942 முதல் 1945 வரை நாஜி முகாம்களில் அடைபட்டு, பெற்றோரையும் மனைவியையும் சகோதரரையும் இழந்தார். வாழ்வில் பொருள் காணும் வேட்கையே மனிதனை இயக்குகிறது என்பது அவருடைய லோகோதெரபியின் அடிப்படை.

இக்கருத்தைக் குழுச் சிகிச்சையாக வடிவமைத்தவர் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் வில்லியம் பிரெய்ட்பார்ட். முற்றிய புற்றுநோயாளிகளுக்காக உருவான அதில் வாரம் ஒன்றாக 8 அமர்வுகள். பெற்ற மரபு, ஆற்றும் செயல், அன்பும் அழகும் தரும் அனுபவம், மாற்ற முடியாத துன்பத்தின்முன் நாம் கொள்ளும் மனப்பாங்கு ஆகியவற்றைப் பங்கேற்பாளர்கள் ஆராய்கின்றனர். நம்மிடையே தன்முனைப்பு உரைகளுக்குப் பஞ்சமில்லை; இது அவ்வகையன்று. விடையை இங்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கடும் மனச்சோர்வு உள்ளவருக்கு இது மருத்துவத்திற்கு மாற்றும் அன்று.

இரண்டாம் ஆண்டில் நாங்கள் அறுவர், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவருடன் இம்முறையைத் தழுவி அமர்ந்தோம். மரபு பற்றிய அமர்வில் ஒரு தோழி, “கடனை அடைக்கவே பிறந்தது போல இருக்கிறது” என்றார். அறையே அமைதியானது. அதே கடன் எங்கள் எல்லாரிடமும் இருந்தது! ஆலோசகர் ஆறுதல் கூறவில்லை. “அவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பது இருக்கட்டும். அவர்களிடமிருந்து ஏற்கெனவே பெற்றது என்ன?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு மழை நாள்கள் நினைவுக்கு வந்தன. மங்கில் மழைநீர் நிறைந்து பால் வீணாகும். அன்றைய உழைப்பு அத்தோடு போயிற்று. பாட்டி மறுநாள் விடியுமுன் வாளியோடு மீண்டும் கிளம்பிவிடுவார். இதை நான் பெற்ற சொத்தாக அதுவரை எண்ணியதே இல்லை.

அன்றிரவு வீட்டிற்கு அழைத்து அந்த மழை நாள்களைப் பற்றிக் கேட்டேன். பாட்டி முக்கால் மணி நேரம் பேசினார்.