‘காதுகள்’ நாவல் கற்பிக்கும் பாடம்

செவியால் பெறும் செல்வத்தை வள்ளுவப் பெருந்தகை வெகுவாகப் போற்றினார். அந்தச் செவியே ஒரு மனிதனுக்குச் சித்திரவதைக் கூடமானால் என்ன செய்வது? எம். வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ நாவல் இதைத்தான் பேசுகிறது. 1992-இல் வெளிவந்த இந்நூல் 1993-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி பரிசைப் பெற்றது.

ஆசிரியர் கும்பகோணத்துக்காரர், 1920-இல் பிறந்து 2000-இல் மறைந்தவர். பதினாறு வயதிலேயே ‘மணிக்கொடி’யில் கதை எழுதியவர். பல்லாண்டுகள் தாம் பட்ட துன்பத்தையே மகாலிங்கம் என்னும் பாத்திரத்தின்மேல் ஏற்றி எழுதினார்.

மகாலிங்கம் எழுத்தாளன், முருக பக்தன், குடும்பஸ்தன். அவன் காதுக்குள் குரல்கள் எழுகின்றன. திட்டுகின்றன, மிரட்டுகின்றன, கேலி செய்கின்றன. இராயபுரத்தில் வாழும் நாம் ஓசைக்குப் பழகியவர்கள். துறைமுகத்துக்கு ஓடும் கண்டெய்னர் லாரிகளும், காசிமேட்டு மீன் ஏலமும் நமக்குப் புதிதல்ல. சன்னலைச் சாத்தினால் ஓரளவு அடங்கிவிடும். மகாலிங்கத்திற்குச் சாத்தச் சன்னல் ஏது? ஓசை உள்ளே அல்லவா இருக்கிறது!

அருகில் இருக்கும் மனைவி மக்களுக்கு அக்குரல்கள் கேட்பதில்லை. ஆயினும் வறுமையும் வேதனையும் அவர்களையும் விடவில்லை. தாங்கள் கேளாத குரலுக்கு அவர்களும் விலை கொடுக்கிறார்கள். நோய் ஒருவருக்கு வந்தாலும் துயரம் வீடு முழுவதற்கும் என்பதை இங்கே உணர்கிறோம்.

தீய சக்திகளோடு நடக்கும் போராகவே மகாலிங்கம் இதைக் காண்கிறான். இத்தகைய குரல்கள் மனநோயின் அறிகுறியாக இருக்கலாம், மருந்தால் தணிக்கலாம் என்கிறது மருத்துவம். பிரார்த்தனை மனத்திற்கு வலிமை தரும். ஆனால் மருத்துவரிடம் செல்வதை அது தள்ளிப்போடலாகாது. 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில், குணமாகும் என்று நம்பி விடப்பட்டிருந்த மனநோயாளிகள் சங்கிலியில் பிணைக்கப்பட்ட நிலையில் தீயில் சிக்கினார்கள்; 28 பேர் மாண்டார்கள்.

இந்நாவலை வகுப்பில் கலந்துரையாடியபோது ஒரு தோழி மட்டும் பேசாதிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் குரல் கேட்கும். விருந்தாளி வந்தா உள்ளே வச்சுக் கதவைச் சாத்திடுவோம்.” சிகிச்சைக்குப் பின் இன்று அவர் மாத்திரையும் தவறாமல் சாப்பிட்டு, வீட்டு இட்லிக் கடையையும் கவனிக்கிறாராம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று அடிக்கடி கேலி பேசிய நாங்கள் தலைகுனிந்தோம்.

நாம் கேலி செய்யும் அந்தக் கீழ்ப்பாக்கம் எத்தகைய இடம்? 1794-இல் தொடங்கிய மனநலக் காப்பகம் 1871-இல் அங்கு இடம் மாறியது. அதன் முதல் பெண் கண்காணிப்பாளர் டாக்டர் சாரதா மேனன். அவரே 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனநல அமைப்பையும் நிறுவினார். எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்த இடத்தின் பெயரையா வசைச்சொல் ஆக்குவது?

அன்புத் தோழியரே, பெற்றோரே! நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருவர் இல்லாத குரலைக் கேட்டால், “பைத்தியம்” என்று ஒதுக்க வேண்டாம். கதவைச் சாத்தவும் வேண்டாம். அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். அவர் கேட்கும் குரல் நமக்குக் கேட்காது. ஆனால் அவர் துயரம் நம் காதில் விழ வேண்டும். செவிச்செல்வத்தின் பயன் அதுவன்றோ!