புது மென்பவளம் தொட்டியில் நிலைக்க

அந்தமானின் மாயாபந்தர் கரையில் கிடக்கும் பவளத்தை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. முறையாக வளர்த்து விற்கப்படும் மென்பவளம் வாங்கினால், அது வந்த பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு மெல்லிய குழாய் வழியே அரை மணி நேரம் தொட்டி நீரைப் பைக்குள் சொட்டுச் சொட்டாகக் கலந்துவிடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். முதலில் வெளிச்சம் குறைந்த அடிப்பகுதியில் வையுங்கள். இரண்டு வாரத்தில் மெல்ல மேலே ஏற்றலாம்.

சார்கோஃபைட்டான் வகை மென்பவளம் சில நாள் சுருங்கிக் கிடந்து, மெழுகு போன்ற மேல்தோலை உரிக்கும். செத்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். கையாலும் உரிக்கக் கூடாது; நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்.

வெப்பம்தான் பெரிய எதிரி. 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் பவளங்களே வெளிறின. தொட்டி நீர் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.