ஈரல் தழும்பும் இரத்தச் சீட்டும்



"வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் பார்க்கப் போன இடத்துல, ஹெப்படைட்டிஸ் பி இருக்குன்னுட்டாங்க. எனக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்லையே!" என்பார் கணவர். "அப்ப எனக்கும் பிள்ளைக்கும்?" என்று கலங்குவார் மனைவி. கடல் கடந்து பிழைக்கப் போவது நாச்சியாபுரம் பக்கத்தில் புதிதல்ல; இந்தப் பேச்சும் புதிதல்ல.

காமாலை வராமலே இந்தக் கிருமி பல வருஷம் கல்லீரலில் தங்கியிருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் இரத்தத்தில் நீடித்தால் அது நாள்பட்ட நோய். புண் ஆறிய தோல் தடிப்பது போல ஈரலிலும் தழும்பு கட்டும். தழும்பு முற்றி ஈரல் சுருங்கினால் வயிற்றில் நீர் கோக்கும், இரத்த வாந்தியும் வரலாம். அதுவரை வலியே தெரியாது என்பதுதான் வினை.

முன்பெல்லாம் தழும்பை அறிய, விலா இடுக்கில் ஊசி செலுத்தி ஈரலில் துணுக்கு எடுப்பார்கள். இன்று பெரும்பாலோருக்கு அது வேண்டியதில்லை. சாதாரண இரத்தச் சீட்டிலேயே குறிப்பு உண்டு. ஒன்று, எஸ்.ஜி.ஓ.டி.; ஈரல் அணுக்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் பொருள். மற்றது பிளேட்லெட். மடை அடைத்தால் கண்மாய்த் தண்ணீர் எதிர்த்து ஏறுமல்லவா? அதுபோலத் தழும்பு இரத்த ஓட்டத்தை மறிக்க, மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைத் தன்னிடம் நிறுத்திக் கொள்கிறது. இரத்தத்தில் அவை குறைகின்றன.

கணக்கு எளிது. எஸ்.ஜி.ஓ.டி. அளவைச் சீட்டில் அச்சிட்டுள்ள மேல் வரம்பால் வகுங்கள். வந்ததை, பிளேட்லெட் எத்தனை லட்சமோ அதனால் வகுங்கள். அளவு 80, வரம்பு 40 என்றால் 2. பிளேட்லெட் 2½ லட்சமானால் விடை 0.8, ஒரு லட்சமே இருந்தால் 2. இதற்கு ‘ஏப்ரி’ என்று பெயர்; 2003-ல் வெளியான கணக்கு. பெரியவர்களுக்கு 0.5-க்கு மேல் போனால் கணிசமான தழும்பு, 1-க்கு மேல் போனால் ஈரல் சுருக்கம் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வரம்பு வைத்தது. வயதையும் சேர்த்துப் பார்க்கும் ‘ஃபிப்-4’ கணக்கை டாக்டரே போடட்டும்.

விடையைப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். டெங்குக் காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும். சாராயமும் அதை ஏற்றும். காய்ச்சல் தணிந்தபின் எடுத்த சீட்டே இதற்கு உதவும்.

"கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சாப் போதாதா?" என்பீர்கள். சென்னையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அதைச் சோதித்து, 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-ல் எழுதினார்கள். பின்னர் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. கீழாநெல்லியை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

மனைவியோ கணவரோ ஒதுங்கிப் படுக்க வேண்டாம். தட்டு, தம்ளரைப் பிரிக்கவும் வேண்டாம். இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும்தான் தொற்றும். துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தம் பாருங்கள். தொற்று இல்லாத துணைவருக்கு மூன்று ஊசித் தடுப்பு முடியும்வரை ஆணுறை அவசியம். சவரபிளேடு தனித்தனியே இருக்கட்டும். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். எல்லோருக்கும் உடனே மாத்திரை வேண்டியிராது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். பழைய சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். போன வருஷ எண்ணையும் இந்த வருஷ எண்ணையும் டாக்டர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.