லேசர் சிகிச்சை யாருக்கு?

சிலருக்குப் பக்கத்தில் உள்ளது நன்றாகத் தெரியும். தூரத்தில் வரும் பேருந்தின் எண் தெரியாது. இது கிட்டப்பார்வை. இதற்குக் கண்ணாடி போடலாம். லேசர் சிகிச்சையும் உண்டு. லேசர் என்பது ஒரு வகை ஒளி.

நம் கண்ணின் முன்புறம் ஒரு படலம் உள்ளது. கைக்கடிகாரக் கண்ணாடி போலத் தெளிவானது. ஒளி இதன் வழியே உள்ளே போகிறது. பின்னால் உள்ள விழித்திரையில் சேர வேண்டும். கிட்டப்பார்வை உள்ளவருக்குத் திரைக்கு முன்பே சேர்ந்துவிடும். அதனால் தூரத்தில் உள்ளது மங்குகிறது.

மருத்துவர் கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார். படலத்தின் மேற்பகுதியை மூடி போலத் திறப்பார். லேசர் ஒளி உட்பகுதியை மிக நுட்பமாகச் செதுக்கும். படலம் சற்றுத் தட்டையாகும். பிறகு மூடியை மூடுவார். தையல் இல்லை. சில நிமிட வேலைதான். ஒளி இப்போது திரையில் சரியாகச் சேரும்.

இந்த ஒளி உடல் திசுவைச் சுடாமல் செதுக்கும். இதை 1981இல் கண்டறிந்தவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

ஆனால், இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. 18 வயது ஆகாதவர், பவர் மாறிக்கொண்டே இருப்பவர், கர்ப்பிணி, படலம் மிக மெல்லியதாக உள்ளவர் ஆகியோருக்கு வேண்டாம்.

நீங்கள் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்களா? 40 வயதைத் தாண்டியவரா? அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். அதற்குப் படிக்கும் கண்ணாடியே போதும். கண்புரையையும் இந்தச் சிகிச்சை நீக்காது. அதற்கு வேறு அறுவை சிகிச்சை உண்டு.

பணம் கட்டும் முன் கண்ணைப் பரிசோதியுங்கள். எந்தக் குறை என்று கேளுங்கள்.

கேள்விகள்:
1. கிட்டப்பார்வை என்றால் என்ன?
2. வெள்ளெழுத்துக்கு எது போதும்?