கொத்திலே கொடுப்பதும் ரூபாவிலே கொடுப்பதும்

ஒரு குடும்பத்துக்கு உதவுவதாக வாக்களிப்பவர் அரசாங்கமாயினும், ஊர்ச் சங்கமாயினும், பெற்ற பிள்ளையாயினும், அந்த வாக்கை இரண்டு விதமாகச் சொல்லலாம். "மாதம் இவ்வளவு அரிசி" என்று சொல்லலாம். "மாதம் இவ்வளவு ரூபா" என்றும் சொல்லலாம். சொல்லும் அன்று இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஐந்தாறு ஆண்டுகள் சென்ற பின்னர்தான் வித்தியாசம் தெரியவரும். இதை நமது நாட்டு வரலாற்றைக் கொண்டே படித்துப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வருவது நின்றுபோகவே, 1942இல் இலங்கையில் பங்கீட்டு முறை தொடங்கிற்று. போர் முடிந்த பின்னரும் அது நிற்கவில்லை. கூப்பன் புத்தகத்தைக் கொண்டு சங்கக்கடையில் வரிசையில் நின்றதை வயது சென்றவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அன்றைய வாக்குறுதி கொத்துக் கணக்கிலேயே இருந்தது. சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆளுக்கு இவ்வளவு அரிசி என்பது மாறவில்லை. விலையேற்றத்தைத் தாங்கியது திறைசேரி.

இந்த வாக்குறுதியில் கைவைப்பது எளிதாயிருக்கவில்லை. 1953 யூலையில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடைபெற்றது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடவேண்டியதாயிற்று. பலர் உயிரிழந்தனர். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பின்னர் 1966இல் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டபோது, அது இலவசமாக்கப்பட்டிருந்தும், மக்கள் மறக்கவில்லை. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த இரண்டாவது கொத்தே பெரிய பேச்சாயிற்று. குறைந்த கொத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும், காரணம் அதுதான்.

1978 சனவரியில் பங்கீட்டு அரிசி, மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மாத்திரம் என்று வரையறுக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 20 ரூபா, அதற்கு மேல் 15 ரூபா என்பது கணக்கு. அப்பொழுது நாட்டின் தலைவராயிருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. 1953இல் விலையை உயர்த்திய நிதியமைச்சரும் அவரே என்பது கவனிக்கத்தக்கது.

அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோருக்கும் அரிசி கொடுக்கும் செலவு திறைசேரியைப் பெரிதும் அழுத்திற்று. வசதியுள்ளோரும் அதைப் பெற்றுவந்தனர். ஆனால் முத்திரையிலே வேறொன்று நடந்தது. விலைவாசி ஏறியது, முத்திரையில் அச்சிட்ட தொகை ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அது வாங்கக்கூடிய உணவு ஏறக்குறையப் பாதியாயிற்று. இதற்கு ஹர்த்தால் இல்லை, பதவி துறப்பும் இல்லை. எவரும் ஒரு சதமேனும் குறைத்ததாகச் சொல்லமுடியாதே! ஒரே நாளில் 45 சதம் ஏற்றியபோது நாடு கொதித்தது. மெல்லமெல்லப் பாதி போனபோது, தன் வீட்டுக் கணக்குத்தான் பிழைத்துவிட்டது என்று ஒவ்வொரு தாயும் எண்ணியிருப்பாள்.

அதன்பின் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 யூலையில் அஸ்வெசும என்று பெயர்கள் மாறின. ரூபாக் கணக்கு மாறவில்லை. அஸ்வெசும தொடங்கியபோது நான்கு பிரிவினருக்கு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என வகுக்கப்பட்டது. 2025இல் கடைசி இரு பிரிவினருக்கும் தொகை உயர்த்தப்பட்டது நல்லதே. எனினும் அதற்குத் தனியாக ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. விலை ஏறுவதற்கு எவருடைய தீர்மானமும் வேண்டியதில்லை.

சம்பளக்காரரின் ஊழியர் சேமலாப நிதியும் இதற்கு விலக்கன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்த நிதிக்கு இப்போது தொழிலாளி 8 வீதமும் தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 2022ஆம் ஆண்டுக்கு அதன் வட்டி 9 வீதம். அவ்வாண்டு செப்டெம்பரிலோ கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த 100 ரூபா வட்டியோடு 109 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு இப்போது 170 வேண்டும். ஆகவே கையிலிருப்பது பழைய விலையில் 64 ரூபாச் சாமான்தான். நிதியே இல்லாத மேசனையும் கடற்றொழிலாளியையும் விட அவர் நல்ல நிலையிலேதான் இருக்கிறார் என்பதும் உண்மை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அரசாங்கத்தைக் குறைகூறும் நாமும் இதையேதான் செய்கிறோம். பிள்ளைகள் கூடிப் பேசி, அம்மாவுக்கு மாதம் பத்தாயிரம் என்று 2019இல் முடிவு செய்திருப்பார்கள். அதற்கும் 2023க்கும் இடையில் விலைவாசி ஏறக்குறைய இருமடங்காயிற்று. பத்தாயிரம் தவறாமல் போய்ச் சேருகிறது. பிள்ளைகளின் மனச்சாட்சியும் அமைதியாயிருக்கிறது. அம்மா வாய்திறந்து கேட்கமாட்டார். முதலில் மீன் வாங்குவதைக் குறைப்பார். பிறகு கிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியே வாங்காமல் விடுவார். வெளிநாட்டிலிருக்கும் மகன் ரூபாவிலே தொகையை நிச்சயித்திருந்தால், 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது அவருடைய செலவு ஏறக்குறையப் பாதியாயிற்று. இலாபம் தனக்கென்றே அவர் அறிந்திருக்கமாட்டார்.

இதற்கு வழி கடினமானதன்று. தொகையைப் பங்கிடாமல் தேவையைப் பங்கிடுங்கள். மூத்தவர் அரிசி, மா, தேங்காய்க்குப் பொறுப்பு. அடுத்தவர் மருந்துக்கு. மூன்றாமவர் மின்சாரக் கட்டணத்துக்கும் காஸுக்கும். மருந்தின் விலை ஏறினால் அது பொறுப்பேற்ற பிள்ளையின் கவலையே தவிர அம்மாவின் கவலையன்று. கைச்செலவுக்கென்று ஒரு சிறு தொகை கட்டாயம் இருக்கவேண்டும். பேரப்பிள்ளைக்கு இனிப்பு வாங்கவும் மகனிடம் கேட்க வேண்டுமென்றால் எந்தத் தாய்க்கும் மனம் கூசும். அந்தத் தொகையைப் புதுவருடத்திலோ நத்தாரிலோ ஆண்டுக்கொருமுறை எடுத்துப் பார்த்தாற் போதும்.

ஊர் மரண சகாய சங்கங்களுக்கும் இது பொருந்தும். பழைய விதிப்புத்தகத்தில் எழுதிய தொகை இன்று பெட்டிக்கும் போதாத சங்கங்கள் உண்டு. "இத்தனை ரூபா" என்பதற்குப் பதிலாக "ஒரு பெட்டி, பந்தல், நூறு கதிரை" என்று விதியைத் திருத்தலாம். அப்படியாயின் சந்தாவும் விலையோடு ஏறும். தனாதிகாரி இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பார். பிரேரணையைக் கொண்டுசெல்பவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னரே பெட்டி செய்யும் இருவரிடம் விலை கேட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது.